காட்டுப்பாக்கத்துக்கு ஒரு தெர்மாகோல் வீடு

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று தெர்மாகோல் பலகைகள் வந்து இறங்கின. பூந்தமல்லி பக்கீர் முகமது பாய் தன் மெத்தைக்கடை வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். தெருவே கூடிவிட்டது. ஒரு இருநூறு பேர் இருக்கும். கோவில்பதாகையில் இதுவரைக்கும் எந்த மந்திரிக்கும் இப்படிக் கூட்டம் கூடியதில்லை.

சரி, நாலு பேர். அதில் ஒருத்தர் பால் பாக்கெட் போட வந்தவர். ஆனால் நாலு பேரும் வாயைப் பிளந்தது நிஜம்.

"இன்னா அண்ணாத்தே, ஐஸ் கம்பெனி வைக்கப் போறியா?" என்றார் பால்காரர்.

வீடு கட்டப் போகிறேன், சக்கரம் வைத்த வீடு, என் எக்ஸெல் மொபெட்டிலேயே இழுத்துக்கொண்டு இமயமலை வரைக்கும் போவேன் என்றேன்.

இமயமலை எல்லாம் இல்லை. காட்டுப்பாக்கம்.

ஜூன் 11

என் வீட்டுக்காரி சகாயமேரி காட்டுப்பாக்கம் போனது போன நவம்பரில். மகள் ஸ்வீட்லினுக்கு இரட்டைக் குழந்தை. மகளும் வேலைக்குப் போகிறாள், மருமகன் ஜாபஸும் போகிறார், பாட்டிதானே பார்க்க வேண்டும்? இரண்டு ரூம் ஃபிளாட். ஒன்றில் அவர்கள், ஒன்றில் சம்பந்தியம்மா, ஹாலில் சகாயமும் இரண்டு குட்டிகளும்.

கிறிஸ்துமஸுக்குப் போய் நானும் அந்த ஹாலில் நாலு நாள் படுத்தேன். என் குறட்டையில் குழந்தைகள் எழுந்துகொண்டன. என் பேச்சில் சம்பந்தியம்மாவுக்குத் தலைவலி வந்தது. ஸ்வீட்லின் மெதுவாகத்தான் சொன்னாள்: "பா, அங்க ஊடு சும்மாத்தான கீது. நீ போய் அங்க இரேன்." எனக்கும் நிறைய ஆர்டர் காத்துக்கிடக்குதும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த லாரிப் பட்டறை மூடி மூன்று வருஷம் ஆகிறது.

ஆக, பிரச்சினை இடம்தானே? இடத்தை நானே இழுத்துக்கொண்டு போகிறேன். ஃபிளாட்டுக்குக் கீழே நிறுத்தினால் மாடியில் அவள், கீழே நான். குட்டிகள் தூங்குகிற நேரம் இறங்கி வந்து கொஞ்சம் பேசிக்கொண்டிருப்பாள். எப்படி நம்ம மூளை! எட்டாவதில் என்னை ஃபெயிலாக்கினாரே, அந்த வாத்தியாருக்குச் சுத்தப் பொறாமை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வீட்டுக்காரம்மா எப்ப வராங்க என்று ஃபாதர் கேட்டார். அடுத்த வாரம் ஃபாதர் என்றேன். பொங்கலிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20

வேலை பறக்கிறது. போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டுகிறான். அவன் பேசுவது புரியாது, தேவையும் இல்லை, கை பேசுவது எனக்குப் புரியும். அடியில் ஒரு பழைய மீன்பாடி வண்டியின் பின்பாதி, இரண்டு சக்கரத்தோடு. அதன்மேல் தெர்மாகோல் பலகைகளைப் பசை வைத்து ஒட்டிச் சுவரும் கூரையும். காடாத் துணியைப் பசையில் முக்கி மேலே போர்த்திவிட்டால், காய்ந்ததும் மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்கிறது. தட்டினால் டம் டம் என்கிறது. வலது பக்கம் போர்த்தி முடித்தாயிற்று. இடது பக்கம் பாக்கி.

மொத்தப் பெட்டியையும் ஒரு விரலால் தூக்கினேன். (இரண்டு கையால். ஆனால் தூக்கினேன்.)

ஜூன் 26

சகாயம் போன் பண்ணினாள். அவளாகவே.

"இன்னாய்யா மூச்சு வாங்குது?"

"அதான் சொன்னேனே, சக்கர ஊடு. அதுக்குப் பலகை அறுக்கறேன்."

"அந்தத் தூளையெல்லாம் மூக்குல ஏத்திக்கினு அப்பால இருமு. துணி கட்டிக்கினு அறு." குட்டியைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு பேரு படுக்கலாமா அதுல?"

"நாலு பேரு படுக்கலாம்! நடுவுல கேரம் போர்டு போடலாம்!"

சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று! அதற்குள் ஒரு குட்டி அழுதது, அதைப் பார்த்து இன்னொன்றும் அழுதது, வைத்துவிட்டாள்.

ரெண்டு பேரு என்றுதான் கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை.

ஜூலை 2

மழை. தார்ப்பாயைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளிச்சத்தமும் இல்லை. உள்ளே பேசினால் நம் குரல் நமக்கு நன்றாகக் கேட்கிறது. கொஞ்ச நேரம் பேசினேன்.

ஜூலை 9

எழுத முடியல.

ஜூலை 10

போச்சு. பாதி ஊடு போச்சு.

யார் மேலயும் பழி போட முடியாது — அப்ப ஒருத்தனும் பக்கத்துல இல்ல. நானேதான். வெள்ளைக்காரன் கடைசியில் சுவருக்கு அடிக்கிற பெயிண்டைத்தான் அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் லாரிக்கு அடித்தவன் நான். ஆவடி வழியாகப் போகிற லாரியில் பாதி என் கை பட்டது. நான் போய்ச் சுவர் பெயிண்ட் அடிப்பதா? எனாமல்தான் என்று முடிவு பண்ணினேன். துணி போர்த்தாத இடது பக்கத்தில் தூசி இருந்தது. பெயிண்டுக்கு முன்னால் தூசியை எதால் துடைப்போம்? பெயிண்ட் கரைக்கிற தின்னரால். யோசிக்கவே இல்லை, கை அதுபாட்டுக்குப் போய்த் துணியை நனைத்துக்கொண்டது. பட்டறையில் இத்தனை வருஷம் செய்த கை!

ஒரே இழுப்பு இழுத்தேன். அப்பளத்தை எண்ணெயில் போட்ட மாதிரி ஒரு சத்தம். சுவர் உள்ளே இறங்கிவிட்டது. தின்னர் டப்பாவைக் கீழே வைக்கிற அவசரத்தில் அதுவும் உள்ளே சாய்ந்தது. இடது பக்கச் சுவர், தரை, கூரையில் பாதி, எல்லாம் கண்ணு முன்னாலேயே கஞ்சியாப் போச்சு.

ரெண்டு பேரு படுக்கலாமான்னு கேட்டாளே. இன்னான்னு சொல்லுவேன் அவகிட்ட?

ஜூலை 14

பக்கீர் பாய் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். எலி கடிச்ச பன்னு மாதிரி கீதே என்றார்.

"பெயின்ட்டரு பெயின்ட்டருன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கினு இருந்தியே அண்ணாத்தே, தின்னர் தெர்மாகோலைத் தின்னுடும்னு தெரியாதா?"

"லாரில எங்க பாய் தெர்மாகோல் கீது?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். இடது பக்கத்தை ரம்பம் போட்டு நேராக அறுத்துவிட்டு, மீதியைச் சுவர் வைத்து மூடிவிடலாம் என்பது நான் கண்டுபிடித்த யோசனை. பாய் சொன்னதுதான், ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அகலம் குறைந்துவிடும், ஒரு ஆள்தான் படுக்கலாம்.

"அதனால இன்னா?" என்றார் பாய். "இமயமலைக்கு ஒத்தையாதான போற?"

நான் ரம்பத்தைத் தேடப் போனேன்.

ஜூலை 28

முடிந்தது. நீல நிறம். சுவர் பெயிண்ட்தான், யாரிடமும் சொல்லவில்லை. அறுத்த பக்கம் மீன்பாடி வண்டியின் பலகை மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் என் பழைய லாரி எழுத்தில், மஞ்சளில், கறுப்பு நிழல் கொடுத்து 'ஒலி எழுப்பவும்' என்று எழுதினேன். கை இன்னும் நடுங்கவில்லை.

ஸ்வீட்லினிடம் போனில் சொன்னேன், பிரமாதமாக முடிந்தது, அரண்மனை என்று. சகாயம் பக்கத்தில்தான் இருந்தாளாம். அகலத்தை மட்டும் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருவிழா, சுதந்திர தினம், ரோடு காலி. பூசை முடிந்ததும் கிளம்பிவிட்டேன். பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் — வழியெல்லாம் ஜனங்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பூந்தமல்லியில் பாய் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு புதுத் தலையணையை உள்ளே போட்டார். ஒன்றுதான். குமணன்சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தித் தட்டிப் பார்த்தார். "பெரியவரே, கப் ஐஸ் கீதா?" என்றார். பிறகு சல்யூட் அடித்து அனுப்பினார். (சல்யூட் இல்லை. போ போ என்று கையைக் காட்டினார்.)

ஃபிளாட் கேட்டிலேயே வாட்ச்மேன் வீராசாமி மறித்தார். "வெளி வண்டி உள்ள வராது சார். அசோசியேஷன் ரூலு. ராத்திரி தெருவுலயும் ஆளு படுக்கக் கூடாது." எதிரே புங்கமரத்தடியில் வேண்டுமானால் வண்டியை மட்டும் விடுங்க என்றார்.

இவ்வளவும் செய்தேனே. ராத்திரி படுக்கக் கூடாதாம்.

ஸ்வீட்லின் இறங்கி வந்தாள். "பா, இன்னாப்பா இது... எல்லாரும் பாக்குறாங்கப்பா." பின்னாலேயே சகாயம், இடுப்பில் ஒரு குட்டியோடு. இளைத்துப் போயிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. சக்கரத்தைக் காலால் உதைத்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ரெண்டு பேரு படுக்கலாமான்னு கேட்டேன் இல்ல?"

பத்துக் காரணம் தயார் பண்ணி வைத்திருந்தேன். காற்றழுத்தம், பேலன்ஸ், மத்திய அரசு விதி. ஒன்றும் வரவில்லை.

"தின்னர் போட்டுத் தொடைச்சிட்டேன் சகாயம். பாதி உருகிடிச்சி."

"பெயின்ட்டராம் பெயின்ட்டரு." குட்டியை ஸ்வீட்லினிடம் கொடுத்தாள். "தோ, சும்மா காலை நீட்டிப் பாக்கறேன்" என்று உள்ளே ஏறினாள்.

மெத்தை நல்லாயிருக்கா என்று கேட்டேன். குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை வெளியே தொங்க. எழுப்பலாம் என்று வந்த ஸ்வீட்லினும் பார்த்தாள். அம்மாவை அப்படிப் பார்த்து நாளாயிற்று போல. எழுப்பாமலே குட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16

வண்டியை அங்கேயே மரத்தில் சங்கிலி போட்டுவிட்டு எக்ஸெல்லில் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் அது நின்ற இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காட்டுப்பாக்கம் போகிறேன். குட்டிகளைத் தூங்க வைத்து, சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சகாயம் இறங்கி வருவாள். சாப்ட்டியா என்பாள். ஏறிப் படுத்துவிடுவாள். நான் அறுத்த பக்கத்துப் பலகையில் உட்காருவேன், ஒரு ஆளுக்கு அளவாக இருக்கிறது. எவ்வளவோ சேர்த்து வைத்திருக்கிறேன் அவளிடம் சொல்ல. ஒன்றும் சொல்லியாகவில்லை. குட்டி அழுகிற சத்தம் கேட்டால் எழுந்து மேலே போய்விடுவாள். நான் ஆவடி ரோட்டைப் பிடிப்பேன்.

இன்று பைக்கில் போன ஒருத்தர் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைத் தடவிப் பார்த்தார்.

"சூப்பரா கீதே தலைவரே! யாரு செஞ்சது இது?"

உதட்டின் மேல் விரலை வைத்தேன். உள்ளே கை காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணினார்.

நாளைக்கு மஞ்சள் டப்பாவையும் சின்ன பிரஷையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியதை மாற்ற வேண்டும்.