இரண்டு கார்புரேட்டர், ஒரு காது

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கம் இடி மட்டும், மழை இல்லை. கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து, பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டவே அரை மணி நேரம். ஆபீசில் மூன்று ஷிப்பிங் பில் தப்பு. மூன்றும் என் தப்பு.

மத்தியானம் ஷெட் சொந்தக்காரர், பழைய இரும்பு வியாபாரி காதர் பாய் போன். திருவொற்றியூர் ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். அவர் மகன்கள் அங்கே லாரி நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக எங்கள் காருக்கும், பிறகு வந்த இரண்டாவது காருக்கும் இடம் கொடுத்த மனுஷர். சொல்லிவிட்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். நான்தான் ஆறுதல் சொன்னேன். நல்ல கூத்து.

சாயந்திரம் ரகுவிடமிருந்து மெசேஜ். என் வீட்டுக்காரர். (அப்படி இன்னும் எழுதலாமா? ஆடியில் பையைத் தூக்கிக்கொண்டு வள்ளூருக்குப் போனான். அங்கே பம்ப் மெயின்டனன்ஸ் வேலை, தனி ரூம். காரணம் கேட்டால் ‘நிம்மதி’ என்றான். வேறு யாரும் இல்லை என்று நான் கேட்காமலே சொன்னான்.)

மெசேஜ் இதுதான்: “ஷெட் போவுது. ஆளுக்கு ஒரு வண்டி. மொதல்ல நீ எடுத்துக்கோ. ஞாயித்துக்கெழம சொல்லு.”

பத்து தடவை படித்தேன். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி தோசை கருகியது, கருகினதையே சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

வெயில். ஆபீசில் வேலை ஓடவில்லை. பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதியதை இங்கே ஏற்றுகிறேன்.

மிட்ஜெட்
- எங்கள் முதல் வண்டி, இரண்டே சீட்டுள்ள பழைய இங்கிலீஷ் கார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் ஒரு குடோனில் எடைக்குப் போடக் கிடந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம். காதர் பாய் பழக்கமானதும் அப்போதுதான்.
- சின்னது. ஸ்டியரிங்கைத் தொட்டால் திரும்பும்.
- கெட்டது: தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். கதவுக்குக் கீழே துரு தின்றால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். நம் உப்புக் காற்றில் அது தினமும் தின்கிறது.
- ரகுவின் உயிர்.

ஸ்பிட்ஃபயர்
- வள்ளூரில் ஒரு ரிடையர்டு என்ஜினியர் வீட்டுத் தார்பாயின் கீழ் கிடந்தது. இதுவும் அதே ரகம், பத்து வருஷமாக நம்மிடம்.
- தனிச் சேஸிஸ். பழைய ஹெரால்டு கார் சாமான் பாதிக்குப் பாதி பொருந்தும்.
- பானெட் முழுசும் முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். என் முதுகுக்கு நல்லது.
- என் காலுக்கு இடம் உண்டு. ஐந்தடி எட்டு அங்குலம் வளர்ந்தது என் குற்றமா.
- கெட்டது: வேகமாக வளைந்தால் பின்பக்கம் தூக்கிப் போடும். நான் எங்கே வேகமாகப் போகப்போகிறேன்.

படித்துப் பார்த்தால் ஸ்பி.தான். கண்ணை மூடிக்கொண்டு ஸ்பி. ஆனால் ‘ரகுவின் உயிர்’ என்ற வரியை எழுதிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்துச் சீட்டு அம்மா கண்ணில் என்ன என்று கேட்டாள். தூசி என்றேன். ஏசி ரூமில் தூசி.

அக்டோபர் 9, வியாழன்

லீவு. ஷெட்டுக்குப் போனேன், ஆடிக்குப் பிறகு முதல் தடவை. பூட்டில் எண்ணெய் போட்டிருந்தது.

ஸ்பி. அப்படியே கிடக்கிறது. மேலே தூசி, பூனைக் கால் தடம். பேட்டரி செத்துவிட்டது.

மி. சுத்தமாக இருக்கிறது. பானெட்டில் சந்தனம், குங்குமம். டயருக்குக் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம், காய்ந்துபோய். ஆயுத பூஜைக்கு வந்திருக்கிறான். இந்த வருஷம் நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? அவன் வந்து மி.க்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்பி.க்கு ஒரு சொட்டு குங்குமம் இல்லை. ஓரவஞ்சனை பிடித்தவன்.

கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. வண்டியை விட மனசில்லாதவன் என்னை மட்டும் எப்படி விடுவான் என்று தோன்றியது. புத்தி போகிற போக்கு.

மி.யில் பக்கத்துச் சீட்டில் உட்காரப் போனேன். முட்டி டேஷ்போர்டில் இடித்தது. நல்ல இடி, வீங்கியிருக்கிறது. அந்தச் சீட்டின் ரெயில் துருப்பிடித்து எட்டு வருஷமாகக் கடைசிப் பல்லிலேயே நின்றது. எனக்குக் கால் நீளம், அதனால் யாரும் தொடவில்லை. இப்போது கிரீஸ் போட்டு நான்கு பல் முன்னால் தள்ளியிருக்கிறது. கார்பெட் மாற்ற நகர்த்தியிருப்பான்.

காதர் பாய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ரகு அடிக்கடி வருகிறாரா என்று கேட்டேன். வாய் ஓயாத மனுஷர், டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்.

முட்டிக்கு ஐஸ்.

அக்டோபர் 10, வெள்ளி

லேசான தூறல், பத்து நிமிஷம்.

வீட்டுக்குக் கீழே மூடிக்கிடக்கும் அரிசிக்கடை ரூமை டேப் பிடித்து அளந்தேன். மி. தாராளமாக நிற்கும். ஸ்பி. ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். மாடி வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருத்தி போனில்: “அது வந்தா வர்ட்டும், வராங்காட்டி போவட்டும், எனுக்கு இன்னா.” இறங்குகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு தடவையும் நம்பும்படி இல்லை.

என் திட்டத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இரண்டு வண்டிக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலக்க இரட்டைக் கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி உதறும். அதை நாங்கள் பார்ப்பது ரப்பர் டியூபில். ஒரு நுனி என் காதில், மறு நுனி கார்ப் வாயில். உஸ் என்று சத்தம். முன் கார்ப் உஸ், பின் கார்ப் உஸ். இரண்டும் ஒன்றாகிறவரை ரகு ஸ்க்ரூவைத் திருப்புவான். ஒன்றானதும் நான் “போதும், நிறுத்து” என்பேன். பதினெட்டு வருஷம். கப்பல் இழுக்கும் ஹார்பர் டக்கில் என்ஜின் ரூமில் வேலை செய்து அவன் காது போய்விட்டது. பேச்சு கேட்கும், இந்த உஸ் மட்டும் கேட்காது. மெக்கானிக்கை வண்டி கிட்டே விடமாட்டான். அவன் ஸ்க்ரூ, என் காது. அதுதான் எங்கள் முறை.

போகிறதுக்கு முன் ஆனியில் மி. கார்ப் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். ட்யூன் செய்வதற்குள் போய்விட்டான். கட்டாயம் உதறும்.

ஆக, நான் ஸ்பி. எடுக்கிறேன். அவனுக்குப் பிடித்ததை அவனுக்கே விடுகிறேன். மி.யை அவன் எடுத்தால், உதறும்போதெல்லாம் என் காதைத் தேடித்தான் வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. டீ போட்டுக் கொடுப்பேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்தேன். திரும்பி வந்துவிடுவான் என்று யோசித்தேன்.

அக்டோபர் 11, சனி

வெயில் சுள்ளென்று. எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலையில் ஷெட். மி. பேட்டரியை ரகு கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வான், அதனால் வாடகை பேட்டரி எடுத்துப் போனேன். மி.யை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு உதறுகிறது என்று பார்க்க ஆசை. எவ்வளவு அதிகமாக உதறுகிறதோ அவ்வளவு நல்லது என்ற கேவலமான ஆசை.

இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. உதறவில்லை.

சூடாகட்டும் என்று ஐந்து நிமிஷம் விட்டேன். உதறவில்லை. பானெட்டில் வைத்த டம்ளரில் டீ ஆடவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். ஆணியிலிருந்து டியூபை எடுத்து முன் கார்ப். உஸ். பின் கார்ப். அதே உஸ். மறுபடி முன், மறுபடி பின். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் வைத்தால்கூட பின்னது கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ரகுவால் முடியாது. ரகுவுக்குக் கேட்காது. யாரோ காதில் டியூபை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். யாரோ “நிறுத்து” என்று சொல்லியிருக்கிறார்கள்.

மெக்கானிக் என்று நினைக்கப் பார்த்தேன். மெக்கானிக்குக்காக யார் சீட்டை முன்னால் தள்ளுவார்கள்?

பொட்டையும் போய்ப் பார்த்தேன். ரகு மூன்று விரலால் இழுத்துப் பூசுவான். இது வட்டமாக, நிதானமாக, ஸ்டியரிங் நடுவில்கூட ஒன்று.

குள்ளமானவள். நல்ல காது. இவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

வேறு எதைச் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேனா? தெரியாது. இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனார்கள், ஓட்டலுக்குப் போனார்கள் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இதற்கு எப்படித் திட்டுவது? என் இடம் வீட்டில் இல்லை, கட்டிலில் இல்லை, அந்த டியூபின் நுனியில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஆள் வந்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன் கார்ப் ஸ்க்ரூவில் வைத்தேன். அரைச் சுற்று போதும், வண்டி வள்ளூர் போகிறவரை ஆடிக்கொண்டே போகும். திருப்பவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. அவ்வளவு சரியாக வைத்ததைக் கெடுக்கக் கை வரவில்லை.

என்ஜினை நிறுத்தினேன். காதர் பாய் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“எனுக்குத் தெரியும்மா. உன் மூஞ்சப் பாத்துச் சொல்றதுக்கு தில்லு இல்ல,” என்றார்.

அவரைக் கோபித்து என்ன. பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வாழைப்பழம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மேகமூட்டம். பதினோரு மணிக்கு ஷெட்.

ரகு வந்தான். இளைத்திருக்கிறான். புதுச் சட்டை, நான் வாங்கியது இல்லை.

வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்: மி.தான் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடலாம். சீட்டைக் கடைசிப் பல்லுக்குத் தள்ளி வெல்டு வைத்துவிடலாம். அவள் எதில் உட்காருவாள் பார்க்கலாம். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த வீறாப்பு எங்கே போனதோ.

“ஸ்பிட்ஃபயர் எனுக்கு. மிட்ஜெட்ட நீ எடுத்துக்கோ. சீட்டுகூட சரி பண்ணி வெச்சிகீற,” என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தான். கையை பேன்ட்டில் துடைத்தான், கையில் ஒன்றும் இல்லாமலே. உன்கிட்ட சொல்லணும்னுதான், என்று ஆரம்பித்தான். சொல்லாதே என்றேன். பெயர் தெரிந்தால் அந்தப் பெயரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மி.யைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு எதைப் பார்ப்பது. ஏர் ஃபில்டரை நேற்று நான் திரும்ப மாட்டவில்லை. பெஞ்சில் கிடந்தது. அதைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய டியூபைப் பார்த்தான்.

“கேட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

பிறகு கேட்டேவிட்டான். “ரெண்டும் சரியா கீதா, கலா? எனுக்குத் தெரியாதே. நீ சொன்னாதான்.”

குத்திக்காட்டவில்லை, சமாதானமும் பேசவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அவள் வைத்தது சரியா என்று அவனுக்குச் சொல்ல இந்த உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. என்ன மனுஷன் இவன். இவனோடு பத்தொன்பது வருஷம்.

பொய் சொல்லியிருக்கலாம். பின்னது தூக்கல் என்று ஒரு வார்த்தை. இரண்டு பேரும் வாரம் முழுக்க ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டு சண்டை போட்டிருப்பார்கள்.

“சரியா கீது. ரெண்டும் ஒண்ணாதான் கீது. நான் வெச்சதவிட நல்லா கீது.”

சிரித்துவிட்டான். அரை நொடிதான். மி. முதல் தடவை பிடித்துக்கொண்டபோது கொருக்குப்பேட்டையில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு யார் முன்னால் சிரிக்கிறோம் என்று உறைத்து, முகம் விழுந்துவிட்டது.

பெட்ரோல் பைப் பழசு, வள்ளூர் போகிறதுக்குள் கசியும், பார்த்துக்கொள் என்றேன். சரி என்றான், ஏர் ஃபில்டரையும் கொண்டுவந்த பேட்டரியையும் மாட்டினான். மி. கிளம்பிப் போனது. உதறவில்லை. முனை திரும்புகிறவரை நின்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

டியூபை ஆணியிலேயே விட்டுப் போய்விட்டான். அவர்களிடம் வேறு இருக்கும், இதை நான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

காதர் பாய் லாரியில் ஏற்றி ஸ்பி.யை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். இரும்பு விற்கிற மனுஷர் ஒரு வண்டிக்கு அழுகிறார் என்று லாரி ஆட்கள் சிரித்தார்கள். அரிசிக்கடை ரூமில் ஒரு சாண் இடைவெளி, கணக்குச் சரி. இன்னும் அரிசி வாசனை.

சாப்பிடவில்லை. வாழைப்பழம் கறுத்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை, காலையில் நின்றது. ஆபீசுக்கு வயிற்று வலி என்று சொன்னேன்.

வாங்க வேண்டியது: பேட்டரி (புதுசு), பிளக் 4, பானெட் கொக்கி, பூட்டு.

பேட்டரி மட்டும் வாங்கி வந்து மாட்டினேன். பன்னிரண்டு மணிக்கு ஸ்டார்ட் ஆனது. பயங்கர உதறல். மாடி வீட்டில் பாத்திரம் ஆடியிருக்கும்.

இரண்டு பேர் இல்லாமல் ஆகாத வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். செய்து பார்த்தேன். டயர் மேல் உட்கார்ந்து, இடது கையில் டியூப், வலது கையில் ஸ்க்ரூ டிரைவர். முன் கார்ப், பின் கார்ப். முன், பின். கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்றேகால் மணி நேரம். பின்னது இறங்கி இறங்கி வந்து, முன்னதோடு சேர்ந்தது. உதறல் நின்றது.

“போதும், நிறுத்து” என்றேன், சத்தமாக. சொன்ன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.