இடப்பக்கம் இறுக்கம், வலப்பக்கம் தளர்வு

ஓய், சத்தியமாகச் சொல்கிறேன். இப்போது நான் எழுதப்போகும் கதையைத் திருவனந்தபுரத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. நீர் இருந்தால் நீரே நம்ப மாட்டீர், கதையில் பாதி நீராகவே இருந்தும்.

காலையில் உம் மகள் உம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் அவள் புருஷன், இரண்டு பக்கமும் பைகள். பொன்முடிக்குப் போகிறார்களாம். "பின்னாடி கனம் ஏறினா ஷாக் அப்சார்பரை டைட் பண்ணணும்னு அப்பா சொல்வாரே, பண்ணித் தாங்க மாமா" என்று அந்தக் கொக்கி ஸ்பானரை நீட்டினாள். கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அந்த ஹர்த்தால் நாளில் போய் விழுந்தேன்.

பஸ் இல்லை, டாக்ஸி இல்லை. வித்துராவில் உமக்குப் பெண் பார்க்க வேண்டும். பெண் பள்ளிக்கூட டீச்சர். "ஒரு தடவைதான் பார்ப்பேன், இன்னொரு நாளெல்லாம் கிடையாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீரோ அதற்குள் பாதிக் கேரளத்தின் பஜ்ஜியைத் தின்று தீர்த்தும் கல்யாணம் கூடாத ஆள். இதையும் விட்டால் சந்நியாசம்தான்.

ஆகவே மோட்டார் சைக்கிள். ஓட்ட நீர், துணைக்கு நான். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் நான் சற்று அசையாமல் நின்றால் என் முன்னாலும் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள், அப்படி ஒரு தேகம். போதாததற்கு ஒரு பக்கம் நேந்திரங்குலை, மறுபக்கம் பலாப்பழம். நான் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் பூமிக்குள் போயிற்று. ஹெட்லைட் ஆகாசத்தில் நட்சத்திரம் தேடியது.

"இறங்கும் வேய்" என்றீர். "ஏறுற ஆளுக்குத் தக்கபடி வண்டிதான் மாறணும். வண்டிக்காக ஆள் இளைக்க முடியுமா?"

பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம். ஒரு படி ஏற்றித் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். இடப்பக்கம் நீர், வலப்பக்கம் நான். இந்த ஊரிலேயே பிறந்த உமக்குக் கையில் ஸ்பானர் ஏறினால் வாயில் மலையாளம் ஏறிவிடும். நானோ திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய ஈரம் காயாதவன்.

"குறச்சு" என்று சொல்லி நீர் ஒரு படி இறுக்கினீர். குறைக்கத்தானே சொல்கிறார் என்று நான் ஒரு படி தளர்த்தினேன்.

"இனியும் குறச்சு."

இன்னும் தளர்த்தினேன்.

"சரியாயோ?"

"பிரமாதம்!"

நெடுமங்காடு தாண்டியதும் வண்டிக்கு ஒரு பக்கம் கருங்கல், மறுபக்கம் இலவம்பஞ்சு. வளைவுக்கு வளைவு நாய்க்குட்டி மாதிரி வாலாட்டியது. கடைசி வளைவில் பலாப்பழம் கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்து, நம்மை முந்தி, வழியில் இரண்டு ஜீப்புக்கு ஒதுங்கி இடம் கொடுத்து, பெண் வீட்டு கேட்டில் போய் நின்றது. கண்ணாடி போடாமல் வெளியே வந்த பெண்ணின் அப்பா அதைத் தடவிப் பார்த்து, "மாப்பிள்ளை ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கலாம்" என்றாராம்.

நாம் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தோம். குனிந்து இரண்டு வளையத்தையும் பார்த்த உமக்கு முகம் செத்துவிட்டது. அதற்குள் டீச்சரே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதை இப்படிச் செஞ்சது யாரு?"

"நான்தான்" என்றீர்.

"இல்லைங்க, நான். இவர்தான் குறைச்சு, குறைச்சுன்னார். நானும் குறைச்சேன்."

"எடோ, குறச்சுன்னா கொஞ்சம்னு அர்த்தம் வேய்!"

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நமக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமல் நீர் ஸ்பானரும் கையுமாக நின்றீர். அவர் சீட்டில் கை வைத்து அமுக்கினார்.

"அப்போ, பின்னால நான் ஏறினா எத்தனை படி ஏத்தணும்?"

காது வரை சிவந்து, "குறச்சு... குறச்சு மதி" என்றீர். கொஞ்சம் போதுமாம்!

இன்று உம் மகளுக்கு இடப்பக்கம் இறுக்கினேன். வலப்பக்கம் இறுக்கினேன். பிறகு திரும்ப இடப்பக்கம் போய், விரலால் படியைத் தடவிப் பார்த்தேன். யார் வண்டியானாலும் இப்போது அப்படித்தான். ஹோட்டலில் சோறு போடுகிறவர் "குறச்சு?" என்று கேட்டால்கூட ஒரு விநாடி கை நின்றுவிடுகிறது, இது எந்தக் குறச்சு என்று.

பலாப்பழம் உருளவில்லை, ஓய். கயிற்றில் சமர்த்தாகத்தான் வந்தது. ஷேவிங் பேச்சும் என் கைச்சரக்கு. மதினி சீட்டை அமுக்கி, எத்தனை படி என்று கேட்டாரே, அது மட்டும் நிஜம்.