பீரோவுக்குள் இருக்கும் ஒரிஜினல்கள்

மே 13, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்லூரியில் கேன்வாசிங் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். எனக்கு கோபி வட்டாரம். தமிழ்த்துறை கோமதிக்கு உடுமலை. ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். கோடை விடுமுறை காலண்டரில் மட்டும்.

எடுத்துப்போக: நோட்டீஸ் ஒரு கட்டு, விண்ணப்பம், குடை, தண்ணீர், கால்வலித் தைலம்.

பஸ்ஸில் விடைத்தாள் திருத்தினேன். நான் நடத்துவது தொழிலாளர் பொருளியல். கேள்வி: உபரி உழைப்பு என்றால் என்ன? எல்லோரும் நோட்ஸில் இருந்ததை அப்படியே: 'தன் கூலிக்கு ஈடான நேரத்துக்கு மேல் தொழிலாளி உழைக்கும் நேரம். அதன் பயன் முதலாளிக்கு.' ஒருவன் மட்டும் எடுத்துக்காட்டு எழுதியிருக்கிறான்: 'போன வருடம் எங்கள் மேடம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் கொடுக்க வந்தது.'

முழு மார்க். சிரிப்பு வரவில்லை.

மே 14, புதன்

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். போனதற்கு அத்தாட்சி. பதினொரு வீடு. மூன்றில் வேறு கல்லூரி ஆள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது, சகாயமேரி வீடு. வாழைத்தோப்பில் இலை அறுக்கிற வேலை. கை முழுக்கக் கறை. மகள் ஜெனிபாவுக்கு பி.காம். ஆசை.

"ஏனுங்க டீச்சர், உங்க காலேஜ்ல படிச்சா வேலை கெடைக்குமுங்களா?"

"கெடைக்குமுங்க அக்கா." சொல்லச் சொன்ன பதில்.

"கவர்மென்ட் காலேஜுக்கும் எழுதிப் போட்டிருக்கறோமுங்க. அங்க கெடைக்காட்டி இங்கயே சேத்தறனுங்க."

அப்படிச் சொல்கிறவர்களிடம் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையோடு வாங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. வாங்கிவிட்டால் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. "சீட் உறுதி பண்ணத்தானுங்க. எப்பக் கேட்டாலும் குடுத்தர்றோம்" என்றேன். டி.சி.யும் மார்க் லிஸ்ட்டும் தந்தார். டீயும் தந்தார். குடித்தேன்.

சாயங்காலம் ஆபீசில் ஒப்படைத்தாயிற்று. பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஆறு வருடம் முன்பு வேலையில் சேர்ந்த அன்று என் சான்றிதழ்களை வாங்கியபோதும் இதே வார்த்தைதான். எம்.ஏ., எம்.பில். எல்லாம் அதே பீரோவில்.

மே 30, வெள்ளி

தூறல். வேறொரு கல்லூரியிலிருந்து நேர்காணல் கடிதம். அரசு உதவி பெறுவது. ஜூன் 6. அசல் சான்றிதழ்கள் கட்டாயம். இரண்டு முறை படித்தேன்.

ஆபீஸ் சூப்பிரண்டு: "பிரின்சிபால் சொன்னா எடுத்துத் தர்றனுங்க மேடம்."

பிரின்சிபால்: "இப்ப எதுக்குங்க மேடம்? அட்மிஷன் முடியட்டும், பாக்கலாம்."

லோனுக்கு என்று பொய் சொன்னேன். ஜெராக்ஸ் போதும் என்றார். சரிங்க சார். ஆறு வருடமாக இதே சரிங்க சார்.

ஸ்டாஃப் ரூமில் கோமதி: "போன வருஷம் நானும் என்னோட ஒரிஜினலக் கேட்டனுங்க மேடம். அடுத்த வாரமே சனிக்கிழமையும் எனக்கு கிளாஸ் போட்டுப்போட்டாங்க."

ஜூன் 2, திங்கள்

ஜெனிபா போன். அழுகை. அரசுக் கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்களாம், புதன்கிழமை கவுன்சலிங். "எப்பக் கேட்டாலும் குடுக்கறோம்னு சொன்னீங்களே மேடம்."

சூப்பிரண்டு கைவிரித்தார். "அந்தப் புள்ள உங்க அஞ்சுல ஒண்ணுங்க. கொறஞ்சா உங்களத்தான் கேப்பாங்க."

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகு சாப்பிட்டேன். தயிர்சாதம்.

ஜெனிபாவுக்கு போன்: "அம்மாவக் கூட்டிட்டு நேர்ல வந்துரு கண்ணு." என்னால் முடிந்தது அவ்வளவு.

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்குப் போகாமல் மகளோடு வந்திருந்தார் சகாயமேரி. நான் கூட்டிப் போகவில்லை. வழி மட்டும் காட்டிவிட்டு எதிர் அறை ஜன்னலில் நின்றேன். பயம்.

பிரின்சிபால் அறை முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. யார் வந்து கேட்டாலும் ஒரே பேச்சு: "எம்புள்ளையோட பேப்பருங்க. குடுத்துப்போட்டா நான் போயர்றனுங்க."

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்குத்தானுங்க அங்க வரச்சொல்லியிருக்கறாங்க."

அட்மிஷனுக்கு வந்திருந்த மற்ற பெற்றோர் கவனிக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்க அக்கா, பேப்பர வாங்குனா திருப்பித் தரமாட்டாங்களா?" கேட்டவர் தன் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் ஜெனிபாவின் கவர் வெளியே வந்துவிட்டது.

கேட் வரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், சரியாக வரவில்லை.

"உடுங்க அம்மணி. நீங்களும் ஒருத்தருகிட்ட வேலைக்கு இருக்கறவங்கதான."

"என்னோடதும் அந்த பீரோலதானுங்க இருக்குது." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நின்று என்னைப் பார்த்தார். "அப்பறம் என்னத்துக்கு அம்மணி இங்க வந்து நிக்கறீங்க?"

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

வருகைப் பதிவுக்கு விரல் ரேகை வைத்துவிட்டு நேராக அதே நாற்காலி.

9.50. டைரி மடியில். எழுத்து கோணல்.

10.30. சூப்பிரண்டு: "மேடம், பேரன்ட்ஸ் வர்ற எடமுங்க. உள்ள வாங்க, பேசிக்கலாம்." இங்கேயே இருக்கிறேன், என் ஒரிஜினல் வந்தால் போய்விடுகிறேன் என்றேன். குரல் எனக்கே புதிது.

11.15. ஜெனிபா மெசேஜ். சீட் கிடைத்துவிட்டது.

12.15. பிரின்சிபால் கடந்து போனார். பார்க்காத மாதிரி.

1.30. பாத்ரூம் போகவில்லை. திரும்பி வருவதற்குள் நாற்காலியை எடுத்துவிடுவார்களோ என்று.

3.20. கூப்பிட்டார். நாளை முதல் வர வேண்டாம் என்றார். சரிங்க சார் என்றேன். சூப்பிரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைத் தந்தார். எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் படுத்துவிட்டேன். கையில் இருந்த வேலை போயிற்று. வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு எத்தனை பேர் வருவார்களோ. சந்தோஷம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. இடுப்பு வலி.

இப்போதுதான் கோமதி போன் செய்தாள். பக்கத்தில் ஆள் இருப்பதுபோல் அடங்கிய குரல்.

"எத்தன மணிக்குப் போய் ஒக்காந்தீங்க மேடம்?"

சொன்னேன்.

"சாப்பாடு கொண்டு போகலாமுங்களா?"

"கொண்டு போங்க. தண்ணி மட்டும் கம்மியாக் குடிங்க" என்றேன்.