நடுவில் ஒரு கல்லூரி

கோபக்காரிக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். யாருக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று கணித்துச் சொல்லும் என் அலுவலகத்துக்கு, நேற்று நம் பெண்ணே டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தாள். மதிப்பெண் பட்டியலை மேசையில் வைத்தாள்.

"அப்பாவா பேசாதீங்க. மத்த பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி உள்ளதைச் சொல்லுங்க."

அந்தத் தோரணை அப்படியே உன்னுடையது. பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

பெரிய கல்லூரிகள் இரண்டில் இடம் நிச்சயம் என்றேன். அவளோ இருப்பதிலேயே கடினமான மூன்றாவது ஒன்றைக் காட்டினாள்.

"அங்க ரொம்பக் கஷ்டம்மா. அது எதுக்கு?"

"உங்க வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் சரியா நடுவுல இருக்குப்பா."

வேறு பிள்ளை சொல்லியிருந்தால், இதெல்லாம் ஒரு காரணமா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இவளுக்கு அந்தக் கல்லூரியின் பெயரையே முதலில் எழுதிக் கொடுத்தேன்.

கஷ்டம் என்று சொன்னது கணக்கு. கிடைத்துவிடும் என்பது, அவளை வளர்த்த உனக்கும் தெரியும்.

சேர்க்கும் நாளன்று நீயும் நானும் ஒரே நேரத்தில் கிளம்பினால், ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

உன் பெண்ணின் அப்பா