சான் பியாஜோ கோவில் இருந்த இடம்

1298, மே 6
மழை. மருந்துக்கடையில் மிளகு மூட்டையின் அடி நனைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் சதுக்கத்தைப் பெரிதாக்கும் விஷயம் வருகிறதாம். நல்லது. சந்துகள் வந்து முட்டிக்கொள்ளும் இந்த மூலையைச் சதுக்கம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அகலப்படுத்த வேண்டும் என்று மன்றத்தில் முதலில் எழுந்து பேசியவன் நான்தான். போன வருடம் இங்கே சந்தையில் தீப்பிடித்தபோது ஓட வழியில்லாமல் ஜனங்கள் ஒருவரையொருவர் மிதித்தார்கள். எங்கள் மகள் லாப்பா அதில்தான் போனாள்.

மே 9
வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். எண்ணெய்க்காரர் வீடு, கொல்லன் பட்டறை, அப்புறம் சான் பியாஜோ கோவில். எல்லாம் இடிபடும்.
கோவிலின் வடக்குச் சுவரோரம்தான் லாப்பாவைப் புதைத்திருக்கிறோம். கோவிலை விட்டுவிட்டா சதுக்கத்தை அகலப்படுத்த முடியும்? எனக்கு ஏன் இது முன்பே உறைக்கவில்லை?
அடுத்த வாரம் வாக்கு. பெட்டியில் வெள்ளை விதை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு.

மே 10
மனைவி தியாம்ப்ராவிடம் சொல்லவில்லை.

மே 13
இன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். "ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். பெருஞ்சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன் — வேறு என்ன செய்ய?

மே 16
வாக்குப் போடும் வரிசையில் எனக்குப் பின்னால் கம்பளி வியாபாரி பிந்தோ. "என்ன மருந்துக்கடைக்காரரே, கையிலயே வெச்சு முளைக்க விடப் போறீங்களா? போடுங்கய்யா!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
வெள்ளையைப் போட்டேன். இடிப்பது என்று முடிவாகிவிட்டது. நான் கறுப்பைப் போட்டிருந்தாலும் முடிவாகியிருக்கும். அதனால் மனம் ஆறுகிறதா? இல்லை.

மே 18
ஊர்ப் பொது ரொட்டி அடுப்படியில் பெண்கள் பேசிக்கொண்டதைத் தியாம்ப்ரா கேட்டுவிட்டு வந்தாள்.
"கோவில இடிக்கப் போறாங்களாமே. நீங்க எந்த விதை போட்டீங்க?"
யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.
"வெள்ளை."
"அவள நெனச்சுப் பாக்கவே இல்லையா?"
"அவள நெனச்சுத்தான் போட்டேன்."
ஐயோ, அதை எப்படிச் சொன்னேன்! ரொட்டிக் கூடையை வைத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவள் ஏதாவது திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 30
சோறு தண்ணீருக்குக் குறையில்லை. பேச்சுதான் இல்லை.

ஜூன் 4
இடிப்பதற்கு முன் எலும்புகளை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தை வண்டியில் ஏற்றி மதிலுக்கு வெளியே கொட்டுவார்கள் என்று பூசையில் சாமியார் அறிவித்தார். தியாம்ப்ரா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வண்டி. கொட்டுவது. அந்த இரண்டு வார்த்தையும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் 9
தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.
காலையில் அவள் தன் கல்யாணப் பெட்டியைத் திறந்தாள். துணிகளை எல்லாம் தரையில் கவிழ்த்துவிட்டு, வெறும் பெட்டியைத் தெருவில் இழுத்துக்கொண்டே போனாள். பின்னாலேயே ஓடினேன்.
வடக்குச் சுவரோரம் தோண்டினார்கள். தீப்பிடித்த அன்று இறந்த குழந்தைகளை எல்லாம் அவசரத்தில் ஒரே குழியில் வைத்திருந்தோம். எல்லாம் கலந்து கிடந்தது. சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுல எது உங்க புள்ளைன்னு எப்படிம்மா கண்டுபுடிக்கிறது?"
"கண்டுபுடிக்க வேணாம் சாமி. எல்லாரையும் குடுங்க."
ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தன் முக்காட்டுத் துணியால் துடைத்து, பெட்டியில் அடுக்கினாள். கூட்டத்திலிருந்து பிந்தோ வந்தார். அவருடைய பையனும் அந்தக் குழியில்தான் இருந்தான். அன்று விதையை வைத்துக்கொண்டு நான் நின்றபோது அவர் நெஞ்சில் என்ன இருந்ததோ! மண்டியிட்டு அவளோடு சேர்ந்து துடைத்தார்.
பெட்டி நிறைந்ததும் தியாம்ப்ரா என்னைப் பார்த்தாள்.
"நீங்க அந்தப் பக்கம் புடிங்க."
இத்தனை நாளில் முதல் பேச்சு. பிடித்தேன். மலையடிவாரக் கல்லறைத் தோட்டம்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. போகப் போக எங்கள் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள்.

ஜூலை 21
கோவில் மணிக்கூண்டு விழுந்தது. ஊரெல்லாம் புழுதி. கதவைச் சாத்தி வைத்தும் மாவில் மண் நெறுநெறுக்கிறது.

1299, செப்டம்பர் 12
புதுச் சதுக்கத்தில் முதல் சந்தை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கூடையை எடுத்துக்கொண்டு தானாகவே கிளம்பினாள்.
வெங்காயம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அலறல். ஒரு எருது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. தியாம்ப்ரா என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். ஜனங்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். பானைகள் உடைந்தன, ஒரு கடை சாய்ந்தது. எருது நடுவில் வந்து, முட்ட ஆளில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றது. அதை மடக்கிப் பிடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. ஓரங்களிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.
"பாத்தீங்களா," என்றாள். "எல்லாருக்கும் ஓட வழி இருந்துச்சு."
வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.