உள்ளே தைத்த பை

பெப்ரவரி 11, 2025. பண்டாரவளை

மர்ஸூக் நானாவின் துணிக்கடையை விட்டு வந்து மூன்று வாரம். பதினொரு வருடம் அங்கே பின்னறையில் தைத்தவள், இப்போது வீட்டு முன்னறையில் சொந்த மெஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை வந்தது இரண்டு ஸ்கூல் யூனிபோம், ஒரு கிழிந்த ஜீன்ஸ். நல்லா இருக்குடி ஸிஹாமா உன் ராஜ்ஜியம்!

இன்று ஓர் அதிர்ஷ்டம். கொழும்புத் தேயிலைக் கம்பனி ஒன்றிலிருந்து ஜுமானா என்று ஒரு பிள்ளை வந்தாள். மகளிர் தினத்துக்குப் பூனாகலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேல்சட்டை கொடுத்துப் படம் பிடிப்பார்களாம். படம் தேயிலைப் பெட்டியில் வருமாம். முதலில் மாதிரிக்கு ஆறு, பிடித்தால் இருநூறு. "பொம்பளைங்க உடுப்பில பொக்கட்டே இல்லையே ராத்தா, அதுவும் நம்ம உரிமைதானே" என்றாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இடுப்பில் இரண்டு பக்கமும் பெரிய பை, அதன்மேல் நூலில் பூ வேலையாக 'நானே என் பலம்'. பைக்கு இடம் சொன்னவளும் நான்தான்.

இருநூறு கிடைக்காவிட்டால் திரும்ப அந்தப் பின்னறைதான். யா அல்லாஹ், வேண்டாம்.

பெப்ரவரி 18

ஆறும் முடிந்தது. என் கண்ணே பட்டுவிடும். உடுத்திப் பார்க்கக் கலாராணியிடம் கொடுத்தனுப்பினேன். பூனாகலையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் மகளின் யூனிபோம்தான் என் முதல் தையல்.

பெப்ரவரி 20

கலா வந்தாள். வந்ததும் சட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். என் தரையில் ஈர இலை, சுள்ளி, உயிரோடு ஓர் அட்டை! நான் கதிரைமேல் ஏறிவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"படங்க வழமையா சட்டைக்கு மேலதான் கட்டுவோம். பூ வேலை தெரியணும்னு இன்னிக்கி உள்ள கட்டினோம். செடியெல்லாம் இடுப்பு உயரம்க்கா. நிரைக்குள்ள போனா பை ரெண்டும் வாயப் பொளந்துகிட்டு எல்லாத்தையும் அள்ளிக்குது. என் போன் தண்ணியில மெதந்துச்சு!"

படங்கு, அந்த இடுப்பில் சுற்றும் தடித்த சாக்கு. அதுகூட என் நினைவில் வரவில்லையே. பிறந்தது முதல் பஸ் ஜன்னலில் பார்க்கிற தோட்டம். ஒரு நாளாவது உள்ளே இறங்கி நின்றேனா? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4

நோன்போடு முதல் பஸ்ஸில் பூனாகலை. கலாவுக்கும் பெரியாயி அக்காவுக்கும் நடுவே நிரையில் நின்றேன். அரை மணியில் முழங்கால்வரை நனைந்தது. நாள் முழுக்க நிற்கிறார்கள்!

"சின்னப் பிள்ளை காப்பகத்துல இருக்கு. எப்ப கூப்பிடுவாங்கனு தெரியாது. போன் கிட்டவே இருக்கணும்" என்றாள் கலா. இப்போது ரவிக்கைக்குள்தான் வைக்கிறார்கள்; வியர்த்து இரண்டு போன் செத்துப்போனதாம். அங்கேயே நின்று யோசித்தேன். கழுத்துப் பட்டிக்குக் கீழே, இடது பக்கம், உள்ளே ஒரு பை. நனையாத மழைத்துணியில் உள்துணி. மேலே ஒரு மூடி.

பெரியாயி அக்கா என் பூ வேலையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடியா? மலையில ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லும்மா. அப்புறம் நானே என் பலம்னு நானே சொல்றேன்."

நிரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயமா?

மார்ச் 6

உள் பையின் படத்தை அனுப்பினேன். ஜுமானா அழைத்தாள். "நல்லாத்தான் இருக்கு ராத்தா. ஆனா வெளியே தெரியாதே. பை தெரியணும், எழுத்து தெரியணும்னு மேலே சொல்றாங்க. படத்துல..."

"படம் நனையாது தங்கச்சி, ஆள்தான் நனையும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

என் மனுஷனிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக: "இருநூறும் போச்சா?"

போச்சு.

மார்ச் 8

வேறு யாரோ தைத்த சட்டையில் படம் பிடித்தாயிற்றாம். நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டே அழுதேன். ஒரு தடவைதான். கஞ்சி அடிப்பிடிக்கப் பார்த்தது.

மார்ச் 15

கலாவோடு நான்கு பெண்கள், கையில் புருஷன்மாரின் பழைய சட்டைகள். "அந்தப் படச் சட்டைய மடிச்சு உள்ள வச்சுட்டோம்க்கா. நீங்க சொன்ன பைய இதுல வைங்க."

மார்ச் 24

அப்புத்தளையிலிருந்தும் மூன்று பேர்! பெருநாள் உடுப்புகள் வேறு. கழுத்து வலி. சந்தோஷமான கழுத்து வலி.

கொழும்பிலிருந்து ஒரு பார்சல். திறந்தால் ஜுமானாவின் ஒபிஸ் கோட், ஒரு துண்டுச் சீட்டு: "பஸ்ஸில இரண்டு போன் களவு போயிட்டுது ராத்தா. எனக்கும் உள்ளே ஒன்று. எழுத்து வேணாம்."

அடிப் பாவி. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 5

பெருநாள் முடிந்தும் சட்டைக் குவியல் குறையவில்லை. காலையில் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: தைக்கத் தெரிந்த பெண் ஒருவர் தேவை.

இவர் பசைப் போத்தலைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "யாராவது வந்து முதலாளி எங்கனு கேட்டா என்ன சொல்ல?"

"நேரா உள்ள அனுப்புங்க" என்றேன். "என்கிட்ட."