ஒரு தடவைதான் கேட்கலாம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு வருகிறது. துவைக்க மிஷின் இருக்கிறது, மடிக்க நாங்கள்தான். தங்குவது விடுதியில், ஓர் அறையில் நான்கு பெண்கள். குழந்தையோடு தங்க இடமில்லை என்று வார்டன் கையை விரித்துவிட்டாள். அவர் உயிரோடு இருந்திருந்தால் என் மகளை உன் தலையில் கட்டியிருப்பேனா?

வாயாடி என்ன செய்கிறாள்? எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவள் வாய் மூடாது. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பாள். திட்டாதே அக்கா. பதில் சொல்லாவிட்டாலும் 'ம்' கொட்டினால் போதும், மேலே அவளே பேசிக்கொள்வாள். ஏழு வயசுதானே. முழங்கால் சிராய்த்தால் தெருவே கூடும்படி அழுவாள். கொஞ்சம் ஊதிவிட்டால் நின்றுவிடும்.

உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் அன்புத் தங்கை


ஜூன் 21

அடி சின்னவளே,

உன் மகளுக்கு இருப்பது வாயா என்ன? இஸ்திரிப்பெட்டியிடம்கூடப் பேசுகிறாள். நூல்கண்டுக்கு 'குண்டு மாமி' என்று பெயர் வைத்துக் கட்டிங் மாஸ்டரிடம் அறிமுகம் செய்து வைத்தாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் ஒரு காலரைக் கோணலாக வெட்டிவிட்டார்.

பள்ளி விட்டால் என்னோடு தையல் கூடத்தில்தான் இருக்கிறாள். பன்னிரண்டு மிஷின் ஓடும் இடம், சட்டம் இல்லாமல் முடியாது. போன வருஷம் ஒருத்திக்கு விரலில் ஊசி ஏறியது. வீல் என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் பதறி நிமிர்ந்த இரண்டு பேருக்கும் ஊசி ஏறிவிட்டது. அன்றிலிருந்து இங்கே யாரும் கத்தக் கூடாது. அடிபட்டவள் இடது கையை உயரத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், பார்த்தவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வாயாடிக்கும் சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டு மாதிரிக் கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்கு இன்னொரு சட்டம். எதையும் ஒரு தடவைதான் கேட்கலாம். இல்லை என்றால் இல்லைதான். நச்சரித்தால் அன்றைக்கு நான் பேச மாட்டேன். நேற்று மாலை முழுக்கப் பேசவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். பழகிவிடும்.

அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடியின் கடிதம் வந்தது. 'அம்மா, நான் நலம். எனக்கு ஒன்றும் வேண்டாம்.' இவ்வளவுதான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெறும் தாள். என்ன அக்கா இது? ஓர் எறும்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவள்! பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேனே, அதற்குமா பதில் இல்லை?

கதவிடுக்கில் விரல் நசுங்கியும் சத்தமே போடவில்லை என்று போன தடவை பெருமையாக எழுதியிருந்தாய். அதில் என்ன பெருமை? அவள் குழந்தை, அழட்டுமே. கோபித்துக்கொள்ளாதே. பெற்ற மனசு.

உன் தங்கை


டிசம்பர் 2

சின்னவளே,

பெற்ற மனசாம்! உன்னைப் பெறாமல் வளர்த்தவள் நான். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

எல்லாம் மறந்துவிட்டதா? அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபின் மாமா வீட்டில் சாமான் அறையில் நம்மைப் போட்டார்கள். அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "நீங்க இருக்கறதே தெரியக் கூடாது. சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் வெளியதான்." உனக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. உனக்குக் காதுவலி வந்தது. மருந்து கேட்டேன், இல்லை என்றாள். மறுபடி கேட்டதற்குக் கன்னத்தில் விழுந்தது. மறுநாள் முன்னறையில் விருந்தாளிகள். நீ கத்த வாயைத் திறந்தாய், நான் பொத்தினேன். மத்தியானம் முழுக்கப் பொத்தியிருந்தேன். என் உள்ளங்கையைக் கடித்தாய், அப்போதும் விடவில்லை. உன் இடது காது போயிற்று. போகட்டும். தெருவில் நின்றிருந்தால் நீயே போயிருப்பாய்.

கேட்காதவளை எவளும் விரட்ட முடியாது. உன் மகளுக்கு நான் சேர்த்து வைக்கும் சொத்து அதுதான். இப்போதெல்லாம் ஊதிவிட அவள் ஆள் தேடுவதில்லை.

அக்கா


ஏப்ரல் 28

சின்னவளே,

தனி அறை கிடைத்துவிட்டது என்று திடுதிப்பென வந்து நின்றாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். முன்னால் ஒரு வரி எழுதக் கூடாதா? அவள் துணியைக்கூட நான் துவைத்து வைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அவள் அழவில்லை. நீதான் ஓவென்று அழுதாய். வெட்கமாயில்லை உனக்கு?

கூடத்தில் எல்லோரும் வாயாடி எங்கே என்று கேட்கிறார்கள். பேசாத பிள்ளைக்கு இன்னும் அந்தப் பெயர்! வேலை அதன் பாட்டுக்கு நடக்கிறது. சாயங்காலம் நான்கு மணி ஆனால் வாசலைப் பார்க்கும் பழக்கம்தான் எனக்குப் போகவில்லை.

செல்லம் கொடுத்து அவளை உன்னைப் போல் ஆக்கிவிடாதே. சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வாயாடியின் வலது கை வெந்துவிட்டது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு விடுமுறை நாள். தனியாக விட மனமில்லாமல் சலவைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். தலையணை உறைகளை அழுத்திக் கொடுக்கும் சூட்டு மிஷின் ஒன்று உண்டு. காலால் மிதித்தால் மேல்பலகை இறங்கும், ஒரு நிமிஷம் கழித்துத் தானாக எழும். உறையில் ஒரு சுருக்கம் இருந்திருக்கிறது. துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது என்று நீ பழக்கிய பிள்ளை அல்லவா, நீவிவிடக் கையை நீட்டியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. மிதித்துவிட்டு அடுத்த மூட்டையை எடுக்கத் திரும்பிவிட்டேன்.

மிதித்தது என் கால்தான் அக்கா.

சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் முழுக்க நான் உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பலகை எழும் ஓசை கேட்டுத் திரும்பினால், முகமெல்லாம் வெளுத்து, இடது கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்மா, கத்தியிருக்கலாமே?" என்று டாக்டர் கேட்டார். "கத்தினா மத்தவங்களுக்கு அடிபடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் கையத் தூக்கினேன்மா. நீங்கதான் பாக்கல" என்றாள். முன்பெல்லாம் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு ஒரு காது, இன்றைக்கு மூன்று விரல். எங்கள் இரண்டு பேர் வாயையும் பொத்தியது நீதான். நீ நன்றாக இருப்பாயா?

தங்கை


ஜூலை 15

சின்னவளே,

படித்தேன். மூன்று நாளாக மிஷினில் உட்கார முடியவில்லை. வலது கையா? கத்தரிக்கோல் பிடிக்க அவ்வளவு அழகாகப் பழகியிருந்ததே அந்தக் கை.

பழியை என்மேல் போடாதே. என் கூடத்தில் ஒரு கை உயர்ந்தால் பதினொரு தலை நிமிரும். உன் கூடத்தில் அவளுக்கென்று இருந்தது ஒரே தலை. பெற்றவளின் தலை. அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. கையைத் தூக்க அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். திரும்பிப் பார்க்க உனக்கு யார் கற்றுக்கொடுப்பது?

அவளை என்னிடம் அனுப்பிவிடு. உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

கட்டுப் பிரித்தாயிற்று. மிச்சமிருக்கும் இரண்டு விரலும் அசைகின்றன.

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. அது வந்த அன்றைக்கே, மருந்து போடும்போது அவளாகவே கேட்டாள்: "என்னைப் பெரியம்மாகிட்ட விட்டுடுறீங்களா? அங்க எல்லாரும் பாப்பாங்க." இங்கே வந்து மூன்று மாதமாகத் தாகம் என்றுகூட வாய் திறக்காதவள் கேட்ட முதல் விஷயம் அது.

முடியாது என்றேன்.

ஏன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவள் நன்மையை நினைத்து இல்லை. அவள் அங்கே வந்தால் நீ ஜெயித்துவிடுவாய், அதற்காகத்தான். உன்மேல் இருந்த ஆத்திரத்தை அந்த வெந்த கையைப் பிடித்துக்கொண்டே அவள்மேல் காட்டினேன்.

சொன்ன வாய் மூடும் முன்னே மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு தடவை கேட்கட்டும், உடனே பையைக் கட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். பதினைந்து நாள் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடி வேணும்? சொல்லுடி, எதுவா இருந்தாலும் சொல்லு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒண்ணும் வேணாம்மா" என்கிறாள். இடது கையால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

நானாகவே அனுப்பி வைக்கலாம். மாட்டேன். நானும் உன் கையில் வளர்ந்தவள்தானே.

நன்றாக வளர்த்திருக்கிறாய் அக்கா. அவள் இனிக் கேட்க மாட்டாள். நீ ஒரு தடவை கேட்டுவிட்டாய், உனக்கும் இல்லை.

தங்கை